டேமேஜ் யார் கணக்கில்?

திருப்பூரில் கொஞ்ச வருஷம் முன்பு வரை 'கோச்' என்றால் ரெண்டே அர்த்தம்தான். ஒன்று, ரயில் பெட்டி. இன்னொன்று, கிரவுண்டில் விசிலோடு நிற்கிற பி.டி. மாஸ்டர். இப்போது மூன்றாவதாக ஒரு அர்த்தம் வந்து உட்கார்ந்துவிட்டது. லைஃப் கோச்!

விசிட்டிங் கார்டில் பெயர். பெயருக்குக் கீழே 'லைஃப் கோச்'. அதற்கும் கீழே நாலைந்து ஆங்கில எழுத்துகள். ஞாயிற்றுக்கிழமை காலை ஹோட்டல் ஹாலில் வகுப்பு. உள்ளே போய்ப் பார்த்தால் எல்லா வயதிலும் ஆட்கள் இருப்பார்கள். பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்ணுகிறவர், பையருக்கு மெயில் அனுப்பி அனுப்பியே தூக்கம் கெட்ட மெர்ச்சண்டைசர், அப்பா ஆரம்பித்த பனியன் கம்பெனியை எடுத்து நடத்தலாமா, விட்டு ஓடலாமா என்று முழிக்கிற பையன். மேடையில் இருப்பவர் கேட்பார்: "உங்களால முடியுமா, முடியாதா?" ஹாலே அதிரும்: "முடியும்!"

கிண்டல் பண்ணுவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே வந்திருக்கிற ஒவ்வொருவருக்கும் நிஜமாகவே ஒரு கஷ்டம் இருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேட்க வீட்டில் ஆள் இல்லை, கம்பெனியில் ஆள் இல்லை. காசு கொடுத்தாவது யாரிடமாவது பேசலாம் என்று வருகிறார்கள். அதில் தப்பே இல்லை.

ஆனால், சமீப காலமாக இன்னொரு கேள்வி காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. "சார், நானும் லைஃப் கோச் ஆகலாம்னு இருக்கேன். நல்ல ஃபீல்டுங்களா?" கேட்பவர்கள் பெரும்பாலும் முப்பது, முப்பத்தைந்து வயதுக்காரர்கள். ஹெச்.ஆரில் இருப்பவர்கள், இன்ஷூரன்ஸ் விற்றவர்கள், ஒரு தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவர்களுக்குத்தான்.

முதலில் 'கோச்' என்ற சொல்லின் கதை. ஹங்கேரி நாட்டில் கோச் என்று ஒரு கிராமம். அங்கே செய்த நல்ல குதிரை வண்டிக்கு ஊர்ப் பெயரே பெயராயிற்று. அது இங்கிலாந்துக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சைக்குத் தயார் செய்து கரை சேர்க்கிற டியூஷன் வாத்தியாரை விளையாட்டாகக் 'கோச்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஏற்றிக்கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி! பிறகு அது விளையாட்டு மைதானத்துக்கு வந்தது.

மைதானத்திலிருந்து வாழ்க்கைக்கு வந்தது ரொம்பப் பிற்பாடு. 1974இல் டிமதி கால்வே என்ற அமெரிக்கர் டென்னிஸ் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். எதிரே நிற்கும் ஆட்டக்காரனைவிட மண்டைக்குள் இருந்து நச்சரிக்கும் குரல்தான் பெரிய எதிராளி என்றார். கார் ரேஸ் வீரராக இருந்த ஜான் விட்மோர் அந்த யோசனையைக் கம்பெனிகளுக்குக் கொண்டுபோனார். அவருடைய புத்தகம் வந்தது 1992. அதே வருஷம் அமெரிக்காவில் தாமஸ் லியோனார்டு என்ற நிதி ஆலோசகர் கோச்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். 1995இல் ஐ.சி.எஃப். என்ற சர்வதேச கோச்சிங் அமைப்பு அவர் முயற்சியில் உருவானது.

இவர்கள் சொன்ன கோச்சிங்கில் ஒரு நல்ல அம்சம் உண்டு. கோச் புத்திமதி சொல்லக் கூடாது. கேள்வி கேட்க வேண்டும். எதிரே இருப்பவர் யோசித்து அவரே ஒரு வழிக்கு வர வேண்டும். நம்ம ஊரில் புத்திமதிக்குப் பஞ்சமே கிடையாது. டீக்கடையில் ஓசியிலேயே கிடைக்கும். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பதிலைக் கேட்கிற ஆள்தான் அபூர்வம். அந்த அளவில் இந்தத் தொழிலுக்கு ஒரு மரியாதை கொடுத்தே ஆக வேண்டும்.

சரி, இதெல்லாம் அமெரிக்காவிலிருந்து இறங்கிய சமாசாரம்தானா? இல்லை. பெயர்தான் புதுசு. எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் 'வாழ்க்கையில் வெற்றி' எழுதி, ரெண்டு மூன்று தலைமுறைத் தமிழர்களுக்கு முதுகில் தட்டிக் கொடுத்தார். எம்.எஸ். உதயமூர்த்தி அமெரிக்காவில் பேராசிரியராக இருந்து, தொழில் நடத்தி, பிறகு ஊர் திரும்பினார். 'எண்ணங்கள்' புத்தகம் இல்லாத லெண்டிங் லைப்ரரி ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் கிடையாது. 1988இல் கே. பாலசந்தர் 'உன்னால் முடியும் தம்பி' எடுத்தபோது, கமல் நடித்த கதாநாயகனுக்கு உதயமூர்த்தி என்றே பெயர் வைத்தார்.

திருப்பூருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் உண்டு. ஆழியாறு வேதாத்திரி மகரிஷி. 1911இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறித் தொழில் நடத்தி அதன் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கம் ஆரம்பித்தார், 1984இல் ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் கட்டினார். கொங்கு நாட்டு ஊர்களில் மனவளக்கலை மன்றம் என்ற போர்டு இன்றைக்கும் கண்ணில் படும்.

இவர்களை விமர்சனமே இல்லாமல் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 'எண்ணம் போல் வாழ்வு' என்பதை ரொம்ப தூரம் இழுத்தால் அபத்தம் வரும் (அது பற்றிப் பின்னால்). ஆனால் உதயமூர்த்தியிடம் ஒன்று கவனிக்க வேண்டும். அவர் தனி மனிதனின் மனசோடு நின்றுவிடவில்லை. 1988இல் மக்கள் சக்தி இயக்கம் ஆரம்பித்தார். நதிகளை இணைக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போனார். மனசை மாற்றினால் மட்டும் போதாது, வெளியே மாற்ற வேண்டியதும் நிறைய இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைய ஹோட்டல் ஹால் வகுப்பில் காணாமல் போயிருப்பது அந்த இரண்டாவது பாதி.

காணாமல் போனது ஏன் திருப்பூரில் யாருக்கும் உறுத்தவில்லை? காரணம், இந்த ஊர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதை.

கதை எல்லோருக்கும் தெரியும். கைமடியாகச் சேர்ந்தான், டைலர் ஆனான், மாஸ்டர் ஆனான், நாலு மெஷின் வாங்கினான், இன்றைக்கு எக்ஸ்போர்ட்டர்! இது கட்டுக்கதை இல்லை. நிஜமாகவே நடந்தது. சரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரில் தங்கி ஆராய்ச்சி செய்து 2004இல் 'ஃப்ரேட்டர்னல் கேபிடல்' என்று ஒரு புத்தகம் எழுதினார். தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்களிடம், எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டால் கிடைக்கிற பதில் ஒரே சொல். உழைப்பு. சாரி அதைப் பொய் என்று தள்ளவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் வேறு என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். சொந்தபந்தம், சாதிக்கட்டு, கூட்டாளிகள், கைமாற்று கொடுக்க ஆள், தோட்டத்து விவசாயத்தில் பழகிய வேலை வாங்கும் லாவகம்.

ஒரு சின்ன கேள்வி கேட்டுப் பாருங்கள், புரிந்துவிடும். அதே கைமடியில் பெண்களும்தான் உட்கார்ந்தார்கள். அதே ஒன்றரை ஷிப்டு அவர்களும்தான் பார்த்தார்கள். அவர்களில் எத்தனை பேர் எக்ஸ்போர்ட்டர் ஆனார்கள்? அவர்கள் உழைக்கவில்லையா? 'மைண்ட்செட்' சரியில்லையா?

ஜெயித்தவனின் கதையில் உழைப்பு மட்டும் மிச்சமிருந்தால், தோற்றவனின் கதையில் சோம்பேறித்தனம் மட்டும்தான் மிச்சமிருக்கும். லைஃப் கோச் விற்கும் சரக்குக்கு இந்த ஊர் ஏற்கெனவே நூல் கோர்த்து வைத்துவிட்டது. அவர் வந்து தைக்க வேண்டியதுதான் பாக்கி.

நடந்ததைப் பார்ப்போம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள். நொய்யல் சாக்கடையாகி, ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, கீழே உள்ள விவசாயிகள் வருஷக்கணக்காக கோர்ட் படியேறிய வழக்கு அது. தீர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் சாயம் போகாமல் துணி இல்லை, துணி இல்லாமல் தையல் இல்லை. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி வாடகை வீட்டில் இருந்த வெளியூர்க் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின. 2021-22இல் நூல் விலை தாறுமாறாக ஏறியது. கை நிறைய ஆர்டர் வைத்துக்கொண்டே நஷ்டப்பட்டவர்கள் உண்டு. 2024-25இல் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை நெருங்கி ஊரே நிமிர்ந்தது. அடுத்த சில மாதத்திலேயே, 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆர்டர்கள் நின்றன.

இதில் எந்த இடத்தில் ஓவர்லாக் டைலரின் மனசு குறுக்கே வந்தது? வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கு வீரபாண்டியில் இருக்கிற ஜாப் ஒர்க்காரர் காலை ஐந்து மணிக்கு எழுந்து கண்ணாடி முன் நின்று 'நான் வெற்றியாளன்' என்று சொன்னால் சரியாகிவிடுமா? தைரியம் வரலாம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வங்கிக் கடனைத் தள்ளி வைப்பது, வேறு நாட்டு பையரைத் தேடுவது, அரசாங்கத்திடம் சங்கமாகப் போய் நிற்பது என்று அவருக்கு வேண்டியவை வேறு. 'வெளியே இருப்பதைப் பற்றிக் கவலைப்படாதே, உன்னை மாற்று' என்று ஒருவர் 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு சொன்னால், அந்த 5,000 நூல் வாங்கவாவது ஆகியிருக்கும்.

இப்போது, 'பின்னால்' என்று சொன்ன விஷயம்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை அசோக் நகர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் மாணவிகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்ட ஒருவரைப் பேச அழைத்தார்கள். பெயர் மகாவிஷ்ணு. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு 'பரம்பொருள்' என்ற அறக்கட்டளை நடத்துபவர். அவர் தன்னை ஆன்மிகச் சொற்பொழிவாளர் என்பார், லைஃப் கோச் என்று சொல்லிக்கொண்டவர் அல்ல. ஆனால் பள்ளிக்கூடம் அவரைக் கூப்பிட்டது 'மோட்டிவேஷன்' என்ற கணக்கில்தான். அவர் என்ன பேசினார்? கை கால் இல்லாமல், கண் இல்லாமல், ஏழையாய்ப் பிறப்பதெல்லாம் போன ஜென்மத்துப் பாவத்தின் பலன் என்ற ரீதியில் பேசினார். அங்கேயே எழுந்து அவரைக் கேள்வி கேட்டவர் ஓர் ஆசிரியர். அவருக்குப் பார்வை கிடையாது. வீடியோ நாடெங்கும் பரவியது. செப்டம்பர் 7 அன்று, வெளிநாட்டிலிருந்து திரும்பிய மகாவிஷ்ணுவை சென்னை விமான நிலையத்தில் போலீஸ் கைது செய்தது. பின்னர் ஜாமீனில் வெளியே வந்தார்.

அந்தப் பேச்சைக் கேட்டு நாம் எல்லோரும் கொதித்தோம். சரிதான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'உன் வறுமைக்கு உன் போன ஜென்மம் காரணம்' என்பதற்கும், 'உன் வறுமைக்கு உன் மைண்ட்செட் காரணம்' என்பதற்கும் எவ்வளவு தூரம்? முதலாவது காவி வேட்டி கட்டியிருக்கிறது, இரண்டாவது கோட் போட்டிருக்கிறது. ரெண்டுமே கஷ்டப்படுகிறவனைப் பார்த்து, 'காரணம் நீதான்' என்கின்றன. முன்னதைக் கேட்டுக் கொதிக்கிற நாம் பின்னதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கைதட்டுகிறோம்.

காமர்ஸ் படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ரெண்டு பக்கம் போட்டுப் பார்க்கத் தோன்றும். வரவு இந்தப் பக்கம், பற்று அந்தப் பக்கம். இந்தத் தொழிலுக்கும் அப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பனியன் தொழிலில் 'டேமேஜ்' என்று ஒரு சொல் உண்டு. பீஸில் ஓட்டை விழுந்தால், தையல் ஓடினால், ஷேடு மாறினால் டேமேஜ். அந்த டேமேஜ் யாராவது ஒருவர் கணக்கில் ஏறியே தீரும். சரக்கு மோசம் என்று பையர் பணத்தைப் பிடித்தால் எக்ஸ்போர்ட்டருக்கு அடி. கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவும் அவர் தலையில். அவர் ஜாப் ஒர்க்காரருக்கு டெபிட் நோட் போடுவார். ஜாப் ஒர்க்காரர் டைலரைக் கூப்பிட்டு ஆல்ட்டர் பண்ணச் சொல்வார். பல சமயம் அடி கீழே இருப்பவன் முதுகில்தான் அதிகம் விழுகிறது, அது வேறு வருத்தம். ஆனால் தப்பு நடந்தால் தனக்கும் நஷ்டம் என்ற பயம் சங்கிலியில் இருக்கிற எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயம்தான் தரத்தைக் காப்பாற்றுகிறது.

லைஃப் கோச்சின் பேரேட்டில் டேமேஜ் என்ற பக்கமே கிடையாது.

ஆள் ஜெயித்தால் அது கோச்சின் விளம்பரத்தில் வரும். போட்டோவோடு. தோற்றால்? "நான் சொன்னதை முழுசா ஃபாலோ பண்ணலை. கமிட்மென்ட் பத்தலை. அட்வான்ஸ்டு கோர்ஸ் வாங்க." அதாவது வரவெல்லாம் கோச்சுக்கு, பற்றெல்லாம் உங்களுக்கு. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடாத கணக்கு இது. கோச் என்றால் வண்டி என்று முன்னே பார்த்தோமே, வண்டி கவிழ்ந்தால் வண்டிக்காரனுக்கும் அடிபடும். வண்டிக்காரன் மட்டும் ரோட்டோரம் நின்று மைக்கில் பேசுகிற ஏற்பாடு நமக்குத்தான் வாய்த்திருக்கிறது.

சட்டமாவது கேட்குமா? மனநல மருத்துவராக எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படிக்க வேண்டும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட ஆர்.சி.ஐ. எனும் மத்திய அமைப்பில் பதிவு வேண்டும். லைஃப் கோச் என்று போர்டு மாட்ட ஒரு போர்டு போதும். 2024 நவம்பரில் கோச்சிங் சென்டர்களின் பொய் விளம்பரத்தைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு விதிகள் போட்டது. உத்தரவாதம் கொடுத்து ஏமாற்றாதே, ஜெயித்த மாணவனின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் அவன் போட்டோவைப் போடாதே என்றெல்லாம் நல்ல விதிகள். ஆனால் அவை படிப்புக் கோச்சிங்கை மனதில் வைத்து எழுதியவை. கவுன்சலிங்கை வரையறையிலேயே வெளியே வைத்துவிட்டார்கள்.

ஐ.சி.எஃப். சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். உண்டு. அது தனியார் அமைப்பு, ஆனாலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அதன் முதல் படிச் சான்றிதழுக்கு 60 மணி நேரப் பயிற்சி, 100 மணி நேரம் ஆட்களோடு உட்கார்ந்த அனுபவம் வேண்டும். அடுத்த படிக்கு 500 மணி நேரம், உச்சிப் படிக்கு 2,500. நம்ம ஊர்க் கணக்கில் பாருங்கள். ஒன்றரை ஷிப்டு என்றால் 12 மணி நேரம். 100 மணி நேரம் என்பது எட்டே கால் நாள் சொச்சம். எட்டு நாள் வேலை பார்த்த கைமடியை எந்த முதலாளியாவது மெஷினில் உட்கார வைத்து எக்ஸ்போர்ட் பீஸ் தைக்கச் சொல்வாரா? (கோச்சிங்கை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் செய்ய முடியாது, நூறு மணி நேரம் சேர மாதக்கணக்காகும் என்பது நியாயமான பதில். ஆனால் நிறையப் பேர் அந்த நூறுக்கே போவதில்லை. ரெண்டு நாள் வகுப்பு, கழுத்தில் ஒரு அட்டை, முடிந்தது!)

அடுத்து, வருமானம். 'நல்ல ஃபீல்டுங்களா?' என்று கேட்டவர்கள் இதைக் கவனிக்கவும். தனியாக ஒருவரோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் உண்மையாகக் கேட்பது களைக்க வைக்கிற வேலை. ஒரு நாளைக்கு நாலு பேருக்கு மேல் முடியாது. மாதம் பூராவும் நாலு பேர் வரவும் மாட்டார்கள். ஆகவே என்ன நடக்கிறது? தனி ஆளை விட்டுவிட்டு ஹாலுக்குப் போகிறார்கள். ஹாலிலும் கூட்டம் குறைந்தால் கடைசி அஸ்திரம்: 'நீங்களும் கோச் ஆகலாம்!' கோச்சிங்கை விற்பதைவிடக் கோச் ஆகும் ஆசையை விற்பது சுலபம்.

ஒருவர் பத்துப் பேரைக் கோச் ஆக்குகிறார் என்று வையுங்கள். அந்தப் பத்துப் பேரும் தலைக்குப் பத்துப் பேரை. ஆறாவது படியில் பத்து லட்சம் கோச்கள். 2011 கணக்கெடுப்பில் திருப்பூர் மாநகராட்சியின் மொத்த ஜனத்தொகையே சுமார் 8.8 லட்சம்தான். கைக்குழந்தையையும் சேர்த்து ஊரில் எல்லோரும் கோச். கேட்க ஆள்? பக்கத்து மாவட்டத்தில் தேட வேண்டும். ஈமு கோழியில் பணம் போட்ட கொங்கு மண்டலத்துக்கு இந்தக் கணக்கை விளக்கவே தேவையில்லை. கோழி வளர்ப்பவனுக்கே கோழி விற்கிற வியாபாரம் 2012இல் எப்படி முடிந்தது என்று நமக்குத் தெரியும்.

அப்படியானால் இந்தத் தொழிலே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல கோச்சுக்கு இந்த ஊரில் நிஜமாகவே வேலை இருக்கிறது. சொத்துப் பிரிப்பில் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பிகளை ஒரு மேஜையில் உட்கார வைக்க, முப்பது வயதில் திடீரென்று ஐம்பது பேருக்குச் சூப்பர்வைசர் ஆகிவிட்ட பெண்ணுக்குக் கத்தாமல் வேலை வாங்கப் பழக்க, அப்பாவிடம் 'எனக்கு இந்தத் தொழில் வேண்டாம்' என்று மரியாதையாகச் சொல்ல முடியாத பையனுக்கு வார்த்தை தேடிக் கொடுக்க. இதற்கெல்லாம் மேடை வேண்டாம், மைக் வேண்டாம். ரெண்டு நாற்காலி போதும்.

வரத்தான் போகிறீர்கள் என்றால், சில விஷயங்கள்.

முதலில், ஏதாவது ஒரு தொழிலைப் பத்து வருஷமாவது பார்த்துவிட்டு வாருங்கள். வாழ்க்கையில் அடிபடாதவர் வாழ்க்கைக்குக் கோச் ஆவது, தண்ணியில் இறங்காதவர் நீச்சல் சொல்லித் தருவது மாதிரி.

இரண்டாவது, உங்கள் எல்லையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் ரெண்டு வாரமாகத் தூங்கவில்லை, செத்துப்போய்விடலாம் போல இருக்கிறது என்றால், அங்கே உங்கள் வேலை முடிந்தது. டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் அரசாங்கமே இலவசமாகத் தமிழில் பேசுகிறது. கடன் தொல்லையால் உயிரை விட்டவர்கள் பற்றிய செய்திகளைப் படித்துப் பழகிய ஊர் இது. 'பாசிட்டிவா இருங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த நாள் பேப்பரில் அவர் பெயரைப் பார்க்கிற நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

மூன்றாவது, கட்டணத்தை முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். எத்தனை தடவை சந்திப்பு, எதற்காக, எப்போது முடியும். முடிவே இல்லாத கோச்சிங், வட்டிக்கு வாங்கிய கடன் மாதிரி.

நான்காவது, டேமேஜில் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தடவை பார்த்தும் ஒன்றும் நகரவில்லை என்றால் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் தயாரா? தோற்றுப்போன ரெண்டு பேரின் கதையை, பெயர் சொல்லாமல், உங்கள் நோட்டீஸில் போடத் தயாரா? தயார் என்றால் கடையைத் திறங்கள். ஊர் உங்களை நம்பும்.

வகுப்புக்குப் பணம் கட்டப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பணம் கட்டும் முன் கோச்சிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "ஏனுங்க, நீங்க சொல்றபடி செஞ்சு எனக்கு நஷ்டம் வந்தா, தப்பு யாருதுங்க?"

அவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். யோசித்துப் பதில் சொன்னால் உட்காருங்கள். யோசிக்காமல் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பதில் அவருக்கு மனப்பாடம்.